அமெரிக்கக் கல்லூரியின் சொந்தப் பணத்தில் படிக்க: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

போன அக்டோபரில் ஒரு மழைநாள் சாயங்காலம் தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மகள் பிளஸ் டூ. அவள் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ். அம்மாவின் மஞ்சள் பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில், அப்பா ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வந்ததும் கிடைத்த பங்குப் பணம் தேதி போட்டு எழுதியிருந்தது.

"அண்ணே, வருமானச் சான்றிதழ்ல எழுபத்திரெண்டாயிரம்னு இருக்கு. நோட்டுல வேற கணக்கு இருக்கு. எத காட்டணும்? உள்ளதச் சொன்னா பிள்ளைக்குப் பணம் தரமாட்டாவளா?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பதில்: நோட்டைக் காட்டுங்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். இதுவரை ஏழெட்டுப் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளின் பண உதவிப் படிவங்களை நிரப்பும்போது கூட உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சிக்கல் ஒன்றேதான். படிவம் அமெரிக்க மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துச் செய்தது. நம் வீட்டு வரவு செலவு அந்தக் கட்டங்களுக்குள் உட்காராது. உட்கார வைக்கிற வேலைதான் இந்த வழிகாட்டி.

எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்

புதுமைப் பெண், முதல் பட்டதாரி சலுகை எல்லாம் அரசுப் பணம். அமெரிக்காவிலும் அரசுப் பணம் உண்டு. அதற்கான படிவத்தின் பெயர் ஃபாஃப்சா. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும்தான், நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. யாராவது ஏஜென்ட் ஃபாஃப்சா நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் கேட்கப் போவது கல்லூரியின் சொந்தப் பணம். கோயில் கட்டளை தெரியும் அல்லவா? ஒருவர் நிலத்தை எழுதி வைத்துவிட்டுப் போவார், நிலத்தைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தில் தலைமுறை தலைமுறையாக விளக்கு எரியும். அமெரிக்கப் பெரிய கல்லூரிகளின் எண்டோமென்ட் அதே மாதிரிதான். பழைய மாணவர்களும் பணக்காரர்களும் கொடுத்ததை முதலீடு செய்து, வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கிறார்கள். ஹார்வர்டின் எண்டோமென்ட் மட்டும் 5,000 கோடி டாலருக்கு மேல். 2025-26 கல்வியாண்டிலிருந்து அங்கே, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலரும் அதற்குக் கீழும் இருந்து, சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால் பெற்றோரிடம் எதுவும் வாங்குவதில்லை.

கணக்கு போடுகிற முறை எளிது. முழுச் செலவு, அதாவது கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து, பெரிய தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் வரை வருகிறது. அதில் உங்கள் குடும்பத்தால் இவ்வளவு முடியும் என்று கல்லூரி ஒரு தொகையை முடிவு செய்யும். மீதிதான் உங்கள் தேவை. உதாரணமாகச் செலவு 90,000 என்றால், வீட்டால் முடிந்தது 1,500, வளாக வேலையில் மாணவர் சம்பாதிப்பது 2,500, கல்லூரி கொடுப்பது 86,000 என்று வரலாம். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் வீட்டுப் பங்கு 1,32,000 ரூபாய். நம்மூர் சுயநிதிக் கல்லூரிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அல்ல, மானியம்.

கல்லூரிகளைப் பொறுக்குவது

இங்கே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும்: நீட்-பிளைண்ட். நம் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பணம் கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கிற கல்லூரி என்று பொருள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்பவை நிறைய. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் செய்பவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், 2022-ல் சேர்ந்துகொண்ட டார்ட்மவுத், பௌடின், பிறகு பிரவுன் போன்றவை. பணத்தைப் பார்ப்பதில்லை என்றால் சேர்வது எளிது என்று அர்த்தமில்லை. உலகமே அங்கேதான் விண்ணப்பிக்கிறது.

அடுத்த வகை, பணத் தேவையையும் பார்ப்பார்கள், ஆனால் எடுத்துவிட்டால் தேவை முழுவதையும் கொடுப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு, பொமோனா, ஸ்வார்த்மோர், வாசர், கிரின்னல், மக்காலெஸ்டர், பெண்களுக்கான ஸ்மித், மவுண்ட் ஹோல்யோக் எல்லாம் இதில் வரும். நம்மூரில் பெயர் தெரியாது என்பதற்காக இந்தச் சின்னக் கல்லூரிகளைத் தள்ள வேண்டாம். பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் 'அப்படியா' என்று மட்டும் சொல்வார், அவ்வளவுதான் நஷ்டம்.

கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி தனி ரகம். கல்விக் கட்டணமே கிடையாது. எல்லா மாணவர்களும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்தில் வேலை செய்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் பேரைத்தான் எடுக்கிறார்கள்.

மூன்றாவது வகையில் கொஞ்சம் கொடுப்பார்கள், மீதியை நீங்கள் புரட்ட வேண்டும். நம் குடும்பங்களுக்கு இது ஆபத்து. 90,000-ல் 40,000 கொடுத்துவிட்டு 'வாழ்த்துகள்' என்று கடிதம் வரும். மீதி 50,000 டாலர் என்பது 44 லட்சம் ரூபாய், அதுவும் ஆண்டுதோறும். வீட்டையும் தோட்டத்தையும் வங்கியில் வைத்து இந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்று கிளம்பாதீர்கள்.

விண்ணப்பத்தில், 'தேவை அடிப்படையிலான உதவி கேட்கப் போகிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று போட்டால் சேர்க்கை வாய்ப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டாவது வகைக் கல்லூரிகளில் அது உண்மையும்கூட. ஆனால் பல இடங்களில் முதலில் இல்லை என்று சொன்ன வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்கவே முடியாது. ஸ்டான்ஃபோர்டில் நான்கு வருடத்துக்கும் கதவு மூடிவிடும். தேவை இருந்தால் ஆம் என்றே போடுங்கள்.

காலக் கணக்கு

உதவிக்கான முக்கியப் படிவம் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல். சாட் தேர்வு நடத்துகிற காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 அன்று திறக்கும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் கெடு, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி. உதவிப் படிவத்தின் கெடுவும் சேர்க்கை விண்ணப்பத்தின் கெடுவும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். முடிவு மார்ச் கடைசியில் வரும், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் பிளஸ் டூ பொதுத்தேர்வும் வந்து நிற்கும்.

ஆகவே காகிதம் சேர்க்கிற வேலையை ஆகஸ்டில், ஓணம் லீவிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் கரண்டும் இருக்காது, இ-சேவை மையத்தில் சர்வரும் இருக்காது.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்

சம்பளக்காரர் வீடு என்றால் பெரிய வேலையில்லை. ஃபார்ம் 16, வருமான வரி ரிட்டர்ன், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். இருப்பு. முடிந்தது.

ரிட்டர்ன் தாக்கல் செய்யாத வீடுகளுக்கு ஒரு யோசனை. வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். டிசம்பர் 31 வரை நேரம் உண்டு, வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை. அது கையில் இருந்தால் அங்கே இருப்பவர்களுக்குப் புரிகிற ஒரு காகிதமாவது கிடைக்கும். ஆனால் இதற்காக இல்லாத வருமானத்தை எழுதுவதோ, உள்ளதை மறைப்பதோ வேண்டாம்.

நிலம் உள்ளவர்கள் பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் சில வீடுகளில் தாத்தா காலத்துப் பிரமாணம், அதாவது பத்திரம், மலையாளத்தில் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம், இன்றைய பட்டா போதும். பாகம் பிரிக்காத சொத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அதை மட்டும் காட்டுங்கள். சித்தப்பா, அத்தை பங்கையெல்லாம் சேர்த்து எழுதி வைத்துவிட்டு, ஏன் உதவி குறைந்தது என்று கேட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

'சென்ட்' என்ற அளவு அங்கே யாருக்கும் புரியாது. 100 சென்ட் ஒரு ஏக்கர், எனவே 25 சென்ட் என்றால் கால் ஏக்கர் என்று எழுதுங்கள். மதிப்பு போடும்போது தரகர் டீக்கடையில் சொல்கிற விலையைப் போடக் கூடாது, அரசு வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டு நிறுத்தவும் கூடாது. பக்கத்தில் சமீபத்தில் நிஜமாகக் கைமாறிய விலையை ஒட்டிப் போட்டு, எப்படிப் போட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒற்றி வீட்டில் இருப்பவர்கள் ஒற்றிப் பணத்தை மறக்காதீர்கள். அது உங்கள் பணம், வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

தமிழ்க் காகிதம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சில கல்லூரிகளுக்குப் பள்ளி ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டால் போதும், சில நோட்டரி கேட்கும். அந்தந்தக் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேள்வி கேட்பதால் யாரும் மார்க் குறைப்பதில்லை.

எழுபத்திரெண்டாயிரம்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

மாதம் ஆறாயிரம், ஆண்டுக்கு எழுபத்திரெண்டாயிரம் என்று வருமானச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிற வீடுகள் நம்மூரில் எத்தனையோ. அந்தச் சான்றிதழை அப்படியே சிஎஸ்எஸ் ப்ரொஃபைலில் ஏற்றினால் என்ன ஆகும்? படிவத்தின் இன்னொரு பக்கத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கேட்பார்கள். வாடகை, கடன் தவணையும் வரும். எழுபத்திரெண்டாயிரம் வரவில் நாற்பதாயிரம் பள்ளிக்குக் கட்டியாகிவிட்டது என்று இருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்கிற முதல் கேள்வி: அப்போது எதைச் சாப்பிட்டீர்கள்?

அந்த நோட்டை விரித்து நாங்கள் கணக்கு போட்டோம். அந்த ஆண்டு அப்பா ஏழு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கில் ஆழ்கடல். பங்குப் பணம்: 38,000, 52,000, 21,500, 44,000, 16,000, 61,000. ஒரு தடவை பூஜ்யம். பிடித்த மீன் டீசலுக்கும் ஐஸுக்கும்கூடக் காணவில்லை என்று பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தார். மொத்தம் 2,32,500. அம்மா தையலில் சம்பாதித்தது மாதம் 3,000, ஆக 36,000. குவைத்தில் இருக்கிற சித்தப்பா பள்ளிக் கட்டணத்துக்கு அனுப்பியது 40,000. கூட்டினால் 3,08,500 ரூபாய்.

டாலரில் இது 3,500 சொச்சம். எழுபத்திரெண்டாயிரம் என்றால் 800 சொச்சம். ஆண்டுக்கு 90,000 டாலர் செலவுள்ள கல்லூரிக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். 800 என்றாலும் உங்களால் கட்ட முடியாது, 3,500 என்றாலும் உங்களால் கட்ட முடியாது. குறைத்துக் காட்டி ஒரு ரூபாய்கூட லாபமில்லை, நம்பிக்கை மட்டும் போய்விடும். இதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

சான்றிதழை மறைக்கவும் வேண்டாம். கேட்டால் இணையுங்கள். அது உள்ளூர்ச் சலுகைகளுக்காக ஒரு சமயம் வாங்கியது, கடல் வருமானத்துக்கு ரசீது கிடையாது, உண்மையான வரவு இணைத்திருக்கிற அட்டவணையில் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, ஒரு ஆங்கில அட்டவணையும் போட்டு, அப்பா அம்மா கையெழுத்தோடு சேர்த்துவிட்டோம்.

தொழிலுக்குத் தக்கபடி நிரப்புவது

படிவத்தில் 'வரி இல்லாத வருமானம்' என்று ஒரு பகுதி உண்டு. நம்மூர் வருமானத்தில் பாதி அதில்தான் வரும். விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வருமான வரி இல்லை, ஆகவே ரப்பர் தோட்டக்காரர் ரிட்டர்னில் ஒன்றும் இருக்காது. அதனால் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. ரப்பர் கடையில் ஷீட்டும் ஒட்டுப்பாலும் போட்ட பில்களைக் கூட்டுங்கள். வெட்டுக்கூலி, உரம் கழியுங்கள். மழையிலும் இலை உதிர்கிற பிப்ரவரி, மார்ச்சிலும் பால்வெட்டு இல்லை என்பதை எழுதுங்கள், மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிடக் கூடாது. இன்னொன்று முக்கியம்: முதிர்ந்த மரங்களை அந்த ஆண்டு முறித்து விற்றிருந்தால் வருமானம் திடீரென்று தூக்கும். அது ஒரு தடவை மட்டும் வந்த பணம், புதுக் கன்று நட்டால் பால் கிடைக்க ஆறேழு வருடம் ஆகும் என்பதைச் சொல்லாவிட்டால், ஆண்டுதோறும் அவ்வளவு வருகிறது என்று நினைத்துவிடுவார்கள்.

மீன்பிடிக் குடும்பங்கள் தடைக்காலத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணமும் வருமானம்தான், அதையும் எழுதுங்கள். சொந்தப் படகு என்றால் படகு தொழில் சொத்தில் வரும், அதன் மேல் வாங்கிய கடனும் வர வேண்டும். கடனை விட்டுவிட்டுப் படகை மட்டும் காட்டினால் நீங்கள் முதலாளி ஆகிவிடுவீர்கள்.

வளைகுடாவில் அப்பா இருக்கிற வீடுகளில் இரண்டு தவறு நடக்கும். வீட்டுக்கு அனுப்புகிற பணத்தை மட்டும் வருமானமாக எழுதுவது ஒன்று. முழுச் சம்பளத்தை எழுதிவிட்டு, அங்கே அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற செலவைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. முழுச் சம்பளத்தையும் எழுதி, செலவை விளக்கத்தில் சொல்லுங்கள். சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் இருக்காது, கம்பெனி கொடுக்கும் சம்பளச் சான்றும் வங்கி விவரமும் அதற்குப் பதில்.

அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற, நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் அதையெல்லாம் வருமானம் என்று நினைப்பதே இல்லை. எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். நகைக்கடன், குழுக் கடன், சீட்டு மூன்றையும் விளக்கப் பகுதியில் சேருங்கள். சீட்டு எடுத்தாகிவிட்டதென்றால் மீதித் தவணை கடன், எடுக்கவில்லை என்றால் கட்டின வரை சேமிப்பு.

விளக்கப் பகுதி

படிவத்தின் கடைசியில் சிறப்புச் சூழ்நிலைகளைச் சொல்ல ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், அல்லது 'நாங்கள் மிகவும் ஏழைகள், தயவுசெய்து உதவுங்கள்' என்று எழுதுகிறார்கள். இரண்டும் வீண். அங்கே கெஞ்சல் வேண்டாம், கணக்குதான் வேண்டும். அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"என் அப்பா சொந்தப் படகு இல்லாத மீனவர். ஒவ்வொரு பயணத்திலும் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், உணவுச் செலவு கழித்தபின் வருவதில் அவருக்கு ஒரு பங்கு. மாதச் சம்பளமோ ரசீதோ கிடையாது. என் அம்மா ஒவ்வொரு பயணத்தின் பங்கையும் நோட்டில் எழுதி வருகிறார். அதன் நகலும் மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறேன். நான் கொடுத்துள்ள எண்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான இந்திய நிதியாண்டுக்கானவை. பள்ளிக் கட்டணத்தை என் சித்தப்பா கட்டினார், கல்லூரிக்கும் அவரால் கட்ட முடியும் என்று உறுதி இல்லை. நாங்கள் இருக்கும் வீடு 5 சென்ட் நிலத்தில், அதாவது ஒரு ஏக்கரில் இருபதில் ஒரு பங்கில், இருக்கிறது. அதன் மேல் கூட்டுறவு வங்கிக் கடன் உள்ளது."

நிதியாண்டு பற்றிய அந்த வரி அவசியம். படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற நினைப்பில் கேட்கும். நமக்கு ஏப்ரலில் ஆண்டு பிறக்கிறது.

நான் செய்த தப்பு

முதன்முதலில் என் அக்கா மகனுக்கு நிரப்பியபோது நடந்தது. வருமானக் கட்டத்தில் 3,60,000 என்று அடித்தேன். நாணயத்தைத் தேர்வு செய்கிற இடத்தில் அமெரிக்க டாலர் என்றே விட்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது: ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் டாலர் சம்பாதிக்கிற கணவர் எங்கள் அக்காவுக்கு இருந்தால் நான் ஏன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்! வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் நாட்டு நாணயத்திலேயே எண்களைக் கொடுக்கலாம். இந்திய ரூபாய் என்று தேர்வு செய்துவிட்டு, நீங்களே டாலராக மாற்றாமல் ரூபாயிலேயே அடியுங்கள். மாத எண்ணா, ஆண்டு எண்ணா என்பதையும் ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். அனுப்பும் முன் வேறு ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

அப்பா பிரிந்துபோன வீடு

பெற்றோர் பிரிந்திருந்தால் பல கல்லூரிகள் இருவரிடமும் தனித்தனிப் படிவம் கேட்கும். அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, பல வருடமாகப் பணம் தருவதில்லை என்றால் அந்தப் படிவத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். அதற்கு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரின் கடிதம் வேண்டும். பங்குத்தந்தை, சபைப் போதகர், தலைமை ஆசிரியர் யாரானாலும் சரி. எத்தனை வருடமாகக் குடும்பத்தைத் தெரியும், அப்பா எப்போதிலிருந்து இல்லை, பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று நேராகச் சொன்னால் போதும். நற்சான்று மாதிரி புகழ்ந்து எழுத வேண்டாம். அம்மாக்கள் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள், பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

விண்ணப்பச் செலவு

சிஎஸ்எஸ் ப்ரொஃபைலுக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. எட்டுக் கல்லூரி என்றால் 137 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாய். அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற தானியங்கித் தள்ளுபடி நமக்கு இல்லை. ஆனால் கேட்டால் சில கல்லூரிகள் தள்ளுபடிக் குறியீடு தருகின்றன, சில தங்கள் சொந்தப் படிவத்தை வாங்கிக்கொள்கின்றன. 'என் குடும்ப ஆண்டு வருமானம் இவ்வளவு, இந்தக் கட்டணம் அதில் இவ்வளவு பங்கு' என்று நான்கு வரி மின்னஞ்சல் போதும். சேர்க்கை விண்ணப்பக் கட்டணத்துக்கும் காமன் ஆப்பில், அதாவது பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற இணையதளத்தில், விலக்கு உண்டு. பள்ளியில் யாராவது ஒருவர் ஆலோசகர் இடத்தில் இருந்து உறுதி செய்ய வேண்டும். நம் பள்ளிகளில் அப்படி ஒரு பதவி இல்லாததால் தலைமை ஆசிரியரே செய்யலாம், அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பணம் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு என்பவர்களைப் பற்றி ஒரு வரி: இந்தப் பணத்துக்கு இடைத்தரகர் கிடையாது. போலிக் காகிதம் ஒன்று பிடிபட்டால் சேர்க்கையும் போகும், விசாவும் போகும்.

கடிதம் வந்தபின்

மொத்தத் தொகையைப் பார்த்துத் துள்ளாதீர்கள். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வளாக வேலை எவ்வளவு என்று பிரியுங்கள். மருத்துவக் காப்பீடும் விமானச் செலவும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்போது உதவியும் ஏறுமா, அதே எண்ணில் நிற்குமா என்று எழுதிக் கேளுங்கள். இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஆகவே வேலை செய்து மீதியைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு ஓடாது.

தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்: அப்பாவுக்கு வேலை போனது, ஆபரேஷன் செலவு, வேறு கல்லூரி அதிகமாகக் கொடுத்த கடிதம். 'இன்னும் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்' என்பது காரணமாகாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் வரி. கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கிடைக்கிற மானியத்துக்கு அமெரிக்காவில் வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கிடைப்பதற்கு உண்டு. எஃப்-1 மாணவர்களிடம் அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். 20,000 டாலருக்கு 2,800. ஆனால் இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி நம் மாணவர்கள் அமெரிக்கர்களைப் போல, வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கிற நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். 2024-ம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். வேலைச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி 5,400-க்கு 10 சதவீதம், 540 டாலர்தான் வரி. மிச்சம் 2,260 டாலர் திரும்பி வரும், 1040-என்ஆர் என்ற அமெரிக்க வரி ரிட்டர்ன் படிவத்தைத் தாக்கல் செய்தால். செய்யாமல் விட்டுவிட்டு வருத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு.

விசாவுக்காகக் கல்லூரி அனுப்புகிற ஐ-20 படிவத்தில் செலவும், கல்லூரி தருகிற பணமும் அச்சாகியிருக்கும். விசா நேர்காணலில் அதுதான் உங்கள் பலம், வங்கியில் லட்சக்கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலரும் விசா கட்டணம் 185 டாலரும் தயாராக வையுங்கள். நேர்காணல் சென்னையில்.

அமெரிக்கா ஒத்துவரவில்லை என்றால், இதே கோப்பை அசீம் பிரேம்ஜி, அசோகா, கிரியா பல்கலைக்கழகங்களுக்கும் பயன்படுத்தலாம். அவையும் குடும்ப நிலையைப் பார்த்துத் தங்கள் பணத்திலிருந்து உதவுகின்றன. அங்கே சென்ட் என்றால் புரியும்.

கடைசியாக, உதவி நான்கு வருடத்துக்கும் தானாக ஓடாது. ஆண்டுதோறும் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளை விமானம் ஏறிய பிறகு அடுத்த வருடக் காகிதம் சேர்ப்பது வீட்டில் இருப்பவர்கள் வேலை. தூத்தூர் அம்மாவிடம் நான் சொன்னது, நோட்டு முடிந்துவிட்டால் புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று. பூஜ்யம் வந்த பயணங்களையும் சேர்த்து.